வாரத்துக்கு ஒரு பவுண்டு

லண்டனுக்குப் போகிற இந்தியன் என்னென்ன துணி எடுத்துப் போக வேண்டும், கப்பலில் எதைச் சாப்பிட்டுச் சமாளிப்பது, போய் இறங்கியபின் எங்கே தங்கினால் கட்டுப்படியாகும், வாரத்துக்கு என்ன செலவாகும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லும் ஒரு கையேட்டைக் காந்தி எழுதியிருக்கிறார். 1893-94 வாக்கில், தென்னாப்பிரிக்காவுக்குப் போன புதிதில், இருபத்துநான்கு வயதில் எழுதியது. ‘கைடு டு லண்டன்’ என்று பெயர். அவர் காலத்தில் அது புத்தகமாக வரவில்லை. பிற்பாடு அவருடைய எழுத்துக்களின் முழுத்தொகுப்பில், முதல் தொகுதியில் சேர்த்தார்கள். யார் யாரெல்லாம் இங்கிலாந்து போகலாம், புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை, வாழ்க்கைச் செலவு, பாரிஸ்டர் படிக்க நினைப்பவர்களுக்கு என்று நான்கு அத்தியாயங்கள். கூடவே சாமான் பட்டியல்.

எங்கள் ஊருக்குக் காந்தி ரொம்பப் பக்கம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற சாலையில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. கதர், சோப்பு, சித்த மருந்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று வளர்ந்து நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காந்தி என்றால் ராட்டை, கிராமம், பிரார்த்தனை. ஒரு ஐரோப்பியத் தலைநகரத்துக்குப் போவது எப்படி என்று பெட்டி படுக்கை முதற்கொண்டு யோசித்து எழுதிய காந்தியை இங்கே அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. பெரிய நூல்களைவிட இந்தச் சின்னக் கையேடுதான் அவரைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் இதில் அவர் யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை. கணக்குச் சொல்கிறார்.

எதற்காக எழுதினார்? லண்டனில் மூன்று வருஷம் இருந்து 1891-ல் ஊர் திரும்பினவரிடம் பலரும் விவரம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. சீமைக்குப் போய்வந்தவர்கள் யாரும் அங்கே எப்படி வாழ்ந்தோம் என்பதை வெளியே சொல்வதில்லை. கேட்டால் மேலோட்டமாக எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஏதோ தொழில் ரகசியம் மாதிரி அதைக் காபந்து பண்ணுகிறார்கள். அந்தத் திரையை விலக்கத்தான் கையேடு.

இந்தக் குறை சும்மா வந்ததில்லை. அவரே விவரம் தெரியாமல் போய் அடிபட்டவர். 1888-ல் குடும்ப நண்பர் மாவ்ஜி தவே, பாரிஸ்டர் படிப்பு சுலபம், மூன்று வருஷம், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது என்று சொன்னார். வீட்டில் அவ்வளவு காசு கிடையாது. மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் தேறும் என்று பதினெட்டு வயதுப் பையன் யோசனை சொன்னான். ‘சத்திய சோதனை’யில் இந்த இடத்தைப் படிக்கும்போது திண்டுக்கல் மெயின் ரோட்டில் வரிசையாக இருக்கும் அடகுக்கடைகளின் போர்டுகள் கண்ணில் வந்து போகும். கஸ்தூரிபா என்ன சொன்னார் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. அண்ணன் எப்படியோ பணம் புரட்டினார். பம்பாயில் சாதிக்காரர்கள் கூட்டம் போட்டு, கடல் தாண்டுகிறவன் சாதிக்கு வெளியே, அவனுக்கு உதவி செய்கிறவனுக்கும் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவனுக்கும் ஒன்றே கால் ரூபாய் அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதைச் சாக்காக வைத்து, பணத்தைப் பத்திரமாக வைத்திருந்த மைத்துனர் கொடுக்க மறுத்துவிட்டார். வேறொருவரிடம் கடன் வாங்கித்தான் கப்பல் ஏறினார். செப்டம்பர் 4-ம் தேதி.

கப்பலில் கறுப்பு சூட். வெள்ளை ஃபிளானல் உடை ஒன்றைக் கரையில் இறங்கும்போது போடுவதற்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். நல்ல நாளுக்குப் புதுத்துணி எடுத்து வைக்கிற நம்மூர்ப் புத்திதான். செப்டம்பர் கடைசியில் இறங்கினால், துறைமுகத்தில் வெள்ளை போட்டிருந்த ஒரே ஆள் அவர். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி, சாவி எல்லாவற்றையும் ஏஜெண்டு கம்பெனி ஆளிடம் கொடுத்தாயிற்று. எல்லாரும் கொடுத்தார்கள், இவரும் கொடுத்தார். அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமைதான் பெட்டி வரும். இரண்டு நாளும் விக்டோரியா ஹோட்டலில் அந்த வெள்ளை உடையோடு இருக்க வேண்டியதாயிற்று. பருவம் பார்த்துத் துணி எடு, முதல் இரண்டு நாளுக்கு வேண்டியதைக் கைப்பையில் வை. பயணம் போகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிற முதல் இரண்டு புத்திமதிகள் இவைதான். அவர் அதைக் கூனிக் குறுகிக் கற்றுக்கொண்டார்.

அன்று ராத்திரி டாக்டர் மேத்தா பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய பட்டுத்தொப்பியைக் காந்தி சும்மா எடுத்து எதிர்ப்பக்கமாகத் தடவிவிட, மயிர் எல்லாம் கலைந்துபோயிற்று. மேத்தாவுக்குக் கோபம். அங்கேயே பாடம் ஆரம்பித்தது: மற்றவர் சாமானைத் தொடாதே, பார்த்தவுடனே நம்மூரில் கேட்கிற மாதிரி ஆளைத் துருவித் துருவிக் கேட்காதே, சத்தமாகப் பேசாதே, பேச்சுக்குப் பேச்சு ‘சார்’ போடாதே, அங்கே வேலைக்காரர்கள்தான் எஜமானை அப்படிக் கூப்பிடுவார்கள். கடைசியாக ஒன்று: ஹோட்டல் காசைத் தின்றுவிடும், ஒரு குடும்பத்தோடு தங்கு. ஹோட்டல் பில் மூன்று பவுண்டு வந்தது. அங்கே அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த சில மாதங்கள் அவர் ஆங்கிலக் கனவானாக ஆகப் பார்த்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாண்ட் தெருவில் பத்து பவுண்டுக்கு மாலை உடுப்பு, பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி, மூன்று பவுண்டுக்கு நடன வகுப்பு, இன்னொரு மூன்று பவுண்டுக்கு வயலின். சிரிப்பாக இருந்தாலும் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் ஒவ்வொன்றுக்கும் விலை ஞாபகம் இருக்கிறது. அந்தக் கிறுக்கு நாட்களிலும் பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக் காசு என்று எல்லாவற்றையும் ராத்திரி உட்கார்ந்து எழுதி, மிச்சத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார்.  அண்ணன் ஊரில் கடன் வாங்கி அனுப்புகிற காசு. கணக்கு நோட்டைப் பார்த்துப் பயந்து, பாதியாகக் குறைக்கத் தீர்மானித்தார்.

முதலில் குடும்பத்தோடு தங்குவதை விட்டு இரண்டு அறை எடுத்தார். பஸ்ஸை விட்டுவிட்டு எட்டு மைல் பத்து மைல் தினம் நடந்தார். பிறகு வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில் சேரியில் தங்கி, மலிவான கோகோ கடையில் இரண்டு பென்னிக்கு ரொட்டியும் கோகோவும் சாப்பிட்டுப் படிக்கும் மாணவர்களைப் பற்றித் தெரிந்ததும், இரண்டு அறையை ஒன்றாக்கினார். ஒரு ஸ்டவ் வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் வெளியே சாப்பாடு, ராத்திரிக்கு ரொட்டியும் கோகோவும். தினம் ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் சாப்பாடு முடிந்தது. காந்தியின் எளிமை சபர்மதியிலோ ஃபீனிக்ஸிலோ ஆரம்பித்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். அது லண்டனில் ஒரு வாடகை அறையில், அண்ணனின் கடனைப் பார்த்துக் கூச்சப்பட்ட ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் ஆரம்பித்திருக்கிறது. தத்துவமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அந்த நோட்டின் சாரம்தான் கையேடு. லண்டனில் தங்கவும் சாப்பிடவும் வாரத்துக்கு ஒரு பவுண்டு போதும் என்பது அதன் மையமான வாதம். தாராளமாகச் செலவழித்து ஆரம்பித்தவர் சொல்வதால் அதற்கு ஒரு எடை உண்டு. நெஞ்சு பலவீனமானவர்கள் போக வேண்டாம் என்கிறார். தேவையில்லாத துணிகளைச் சுமந்து போகாதே என்கிறார். மரக்கறி சாப்பிட்டு அந்தக் குளிரில் வாழ முடியாது என்று சொல்பவர்களுக்கு, தான் வாழ்ந்ததையே சாட்சியாகக் காட்டுகிறார். பாரிஸ்டர் ஆவதற்கு ‘இன்’ எனப்படும் சட்டச் சங்கத்தில் பன்னிரண்டு டெர்ம் விருந்து சாப்பிட வேண்டும் என்ற வேடிக்கையான விதியையும் விளக்க வேண்டியிருந்தது. டெர்முக்கு ஆறு விருந்தாவது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போய் உட்கார வேண்டும். விருந்துக்கு இரண்டரை முதல் மூன்றரை ஷில்லிங். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். இவர் குடிக்காதவர் என்பதால் இவரைத் தங்கள் மேஜையில் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம்.

சுற்றுலா என்று பார்த்தால் அவர் போன ஐரோப்பியத் தலைநகரம் பாரிஸ். 1889-ல் ஈபிள் கோபுரம் எழுப்பி உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். ஆயிரம் அடி உயர இரும்புக் கோபுரம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். காந்தி பாரிஸில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை இருப்பதை முன்கூட்டியே விசாரித்து, அங்கேயே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். நகர வரைபடம் ஒன்று, பொருட்காட்சி வழிகாட்டி ஒன்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே பார்த்தார். நோத்ர்தாம் தேவாலயம் அவரை அசத்திவிட்டது. கோபுரத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை. இரண்டு மூன்று தடவை ஏறினார். அத்தனை உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக அங்கே ஏழு ஷில்லிங் கொடுத்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். கிட்டத்தட்ட ஆறு நாள் சாப்பாட்டுக் காசு. காசை வீசியெறிந்த திருப்தி என்று தானே எழுதுகிறார். இத்தனை கறாரான ஆளும் ஒரு நாள் சறுக்கியிருக்கிறார் என்பதில் நமக்கு ஒரு ஆறுதல்.

சாப்பாட்டை முதலில் தீர்த்துக்கொண்டு, அதையொட்டித் தங்குமிடம். வரைபடம். நடை. புதிய நகரத்துக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் ஒன்றும் பெரிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

இதே காலத்தில் திண்டுக்கல்லுக்கும் லண்டனுக்கும் வேறு ஒரு போக்குவரத்து இருந்தது. புகையிலை. திண்டுக்கல் சீமைப் புகையிலை திருச்சிக்குப் போய்ச் சுருட்டாகும், இங்கேயே சுருட்டாகவும் சுற்றுவார்கள். ஸ்பென்சர் கம்பெனிக்கு இங்கே சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. சுருட்டு என்ற நம் சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆகிவிட்டது. 1887-ல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலில், சாம்பலை வைத்தே கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். காந்தி லண்டனில் இறங்குவதற்கு முந்தின வருஷம். நம் பக்கத்துச் சாம்பல் அவ்வளவு பரிச்சயம் அந்த ஊருக்கு. சர்ச்சில் பிடித்ததே நம்ம ஊர்ச் சுருட்டுதான் என்று திண்டுக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் வாயில் பெரும்பாலும் இருந்தது ஹவானா. ஆனாலும் ஊர்ப்பெருமையை யார் தடுக்க முடியும்!

புகையிலை முதல் தரத்தில் போயிற்று. ஆட்கள் அப்படிப் போகவில்லை. பஞ்சம் வந்தபோதெல்லாம் மதுரை ஜில்லாவின் மேட்டு நிலங்களிலிருந்து கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தவர்கள் ஏராளம். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் முதல் தொகுதியை டர்பனில் இறக்கியது. கூலிக் கப்பல் ஏறியவர்களுக்குக் கையேடு எதுவும் இல்லை. அங்கே கூலி என்ன, சாப்பாடு என்ன, திரும்பி வர முடியுமா என்பதை ஆள்பிடிக்கிறவன் சொன்னதுதான். அவன் எப்போதும் நல்லதைத்தான் சொல்வான்.

காந்தி லண்டன் கையேட்டை எழுதிய அதே காலகட்டத்தில், 1894-ல், டர்பனில் அவருடைய அலுவலகத்துக்குக் கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிய பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி வந்து நின்றார். முதலாளி அடித்தது. காந்தியின் தமிழ்க் குமாஸ்தா மூலம் விவரம் கேட்டு, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய், வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் லண்டன் போவதற்குக் கணக்கு எழுதியதும் இதே கைதான். இரண்டையும் அவர் எங்கும் சேர்த்து வைத்துப் பேசவில்லை. நமக்குச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கடல் தாண்டுகிறவனுக்கு உண்மையான விவரம் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டு இடத்திலும் விஷயம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இப்போது திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பழனி ரோட்டில், எங்கே திரும்பினாலும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம். நாகல்நகரில் எனக்குத் தெரிந்த ஒருவர், தறிக்கார வீட்டுக்காரர், மகனை லண்டனுக்கு எம்.எஸ்ஸி. படிக்க அனுப்ப ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் மகன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான்.

“அவன்கிட்ட கேட்டீங்களாண்ணே, மாசம் எவ்வளவு ஆகுதுன்னு?”

“கேக்காம இருப்பனா தம்பி? போன்ல கேட்டா, ‘அதெல்லாம் மேனேஜ் பண்ணிக்கலாம் சித்தப்பா’ங்கிறான். ரூம் வாடகை என்னடான்னா, ‘ஏரியாவப் பொறுத்து சித்தப்பா’ங்கிறான். பார்ட் டைம் வேலை கெடைக்குமாடான்னா, ‘தேடுனா கெடைக்கும்’ங்கிறான். எதுக்கும் நேராப் பதில் வர மாட்டேங்குது.”

“போட்டோவெல்லாம் போடுறானே?”

“போட்டோ நல்லாத்தான் இருக்கு.”

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் காந்தி எதைப் பற்றிக் குறைப்பட்டாரோ அதே மௌனம். பையனைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு அறையில் மூன்று பேர் படுத்திருப்பதையும், ராத்திரி ஷிஃப்டில் கிடங்கில் பெட்டி தூக்குவதையும் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வான்? சொன்னால் அப்பா வாங்கிய கடனுக்கு அர்த்தம் என்ன என்று ஆகிவிடும். சொல்லாமல் விடுவதால் அடுத்தவனும் அதே குழியில் வந்து விழுகிறான். இடையில் பேச ஆளில்லாத இடத்தில் ஏஜெண்டு பேசுகிறார்.

ஏஜெண்டு சொல்வதைக் காட்டிலும் அரசாங்க விதியே வெளிப்படையாக இருக்கிறது. 2025 ஜனவரி நிலவரப்படி, லண்டனில் படிக்கிற மாணவர் விசாவுக்கு, கல்விக் கட்டணம் போக, மாதம் 1483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குச் செலவுப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 13,347 பவுண்டு. பதினான்கு, பதினைந்து லட்ச ரூபாய். அது கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு வருஷம் 776 பவுண்டு தனி. படிப்பு நடக்கும் வாரங்களில் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. நாகல்நகர்க்காரர் இந்தப் பணத்தை இருபத்தெட்டு நாளைக்கு மட்டும் வட்டிக்கு வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, அவன் அங்க போய் இறங்குனதும் அந்தக் காசு நெசமாவே வேணுமே, அப்ப என்ன பண்ணுவான்?” அவர் பதில் சொல்லவில்லை. அந்தத் தொகை விசா ஆபீஸரின் கண்ணுக்காக வைத்த எண்ணில்லை. ஒரு மாணவன் அங்கே சாப்பிட்டு, வாடகை கொடுத்து, பஸ்ஸில் போய்வர ஏறக்குறைய ஆகும் செலவு. அதை ஒருநாள் வேடிக்கை மாதிரி காட்டிவிட்டுப் போனால், பையன் அங்கே இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கத்தான் ஓடுவான். படிப்பு போகும், சில நேரம் விசாவும் போகும்.

அவர் வீட்டம்மா வேறு கவலையில் இருந்தார். பெட்டிக்கு மாங்காய்ப் பூட்டு போட வேண்டும் என்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் இருபத்து மூன்று கிலோ எடைக் கணக்கில் ஒரு இரும்புப் பூட்டு எதற்கு? நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் கட்டி வைத்திருந்தார். நம் நாட்டிலிருந்து இறைச்சி, பால் பண்டம் எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பருப்புப் பொடி, புளி, அப்பளம் போகலாம். காந்தி கப்பலில் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் வைத்துத்தான் ஓட்டினார். அம்மாக்கள் கட்டிக் கொடுக்கிறது எந்தக் காலத்திலும் வீண்போவதில்லை, சுங்கத்தைத் தாண்டினால்.

சரி, போனவர் பார்க்க வேண்டியது என்ன? அரண்மனையும் பெரிய மணிக்கூண்டும் யாரும் சொல்லாமலே போய்ப் பார்ப்பார்கள். திண்டுக்கல்காரர் சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போக வேண்டும். உள்ளே போகக் காசு கிடையாது. அங்கே திப்புவின் புலி இருக்கிறது. மரத்தில் செய்த புலி, கீழே கிடக்கும் வெள்ளைக்காரனின் கழுத்தைக் கவ்வுகிற மாதிரி. உள்ளே ஒரு ஆர்கன் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் ஆள் கதறுகிற சத்தமும் புலியின் உறுமலும் வரும்படி செய்திருக்கிறார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துக்கொண்டு போனது. 1755-ல் ஹைதர் அலி ஃபவுஜ்தாராக வந்து தன் அதிகாரத்தை வளர்த்த இடம் நம் மலைக்கோட்டை. பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச்சாலை நடத்தினார். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம்தான் பேகம்பூர். கோட்டையை 1790-ல் கம்பெனிப் படை பிடித்தது, 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமையையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பேகம்பூரில் தொழுதுவிட்டு, மலையேறிப் பீரங்கியைப் பார்த்தவனுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புலி சொந்த ஊர் ஆள் மாதிரி தெரியும்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பேரன்ஸ் கோர்ட் சாலை. இருபதாம் எண் வீட்டில் நீல நிறத் தகடு பதித்திருக்கிறார்கள், சட்ட மாணவராகக் காந்தி தங்கிய வீடு என்று. வாசலில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அப்புறம் நகரத்தின் கிழக்குக் கோடியில், ஏழைகள் வாழ்ந்த போ பகுதியில், கிங்ஸ்லி ஹால். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு வந்தபோது மியூரியல் லெஸ்டரின் விருந்தாளியாக மூன்று மாதம் போல இங்கேதான் தங்கினார். மாடியில் அவருடைய சின்ன அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. இந்த இரண்டு விலாசத்துக்கும் நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, முழு நகரமும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

அந்த நாற்பது வருஷத்தில் துணிப் பட்டியல் என்ன ஆயிற்று? 1921 செப்டம்பர் 22-ம் தேதி காலையில், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை எரிக்கச் சொல்கிறீர்களே, கதர் வாங்க எங்களிடம் காசில்லையே என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கண்ட பதில் அது. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்த வீடு இருக்கிறது. லண்டனுக்கு எத்தனை சட்டை, என்ன கோட்டு என்று பட்டியல் போட்டு விலை எழுதியவர் கடைசியில் பட்டியலையே ஒரு வரிக்குக் குறைத்துக்கொண்டார்.

லண்டனில் இதற்கு ஒரு முன்னோடியை அவர் பார்த்திருந்தார். மாணவராக இருந்தபோது நாராயண் ஹேமசந்திரர் என்ற குஜராத்தி எழுத்தாளர் அங்கே வந்தார். ஆங்கிலம் அரைகுறை, நாகரிகம் பற்றிக் கவலையே இல்லை, உலகத்தைப் பார்க்க வேண்டும், பாஷைகள் படிக்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டவர். காந்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கார்டினல் மேனிங்கையே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் காந்தியின் அறைக்குச் சட்டையும் வேட்டியுமாக வந்து நின்றார். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா, பைத்தியக்காரன் மாதிரி ஒருத்தன் உங்களைப் பார்க்க வந்திருக்கிறான் என்று பயந்துபோய்ச் சொல்ல, கோட்டும் டையுமாக இருந்த காந்தி வெலவெலத்துப்போய்க் கேட்டார்: தெருவில் பிள்ளைகள் உங்களைக் கேலி பண்ணவில்லையா? பின்னாலேயே ஓடி வந்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை, போய்விட்டார்கள் என்றார் ஹேமசந்திரர். பின்னால் அமெரிக்காவில் இதே உடைக்காக அவர்மேல் வழக்கே போட்டார்களாம். கையேட்டில் ஹேமசந்திரரைப் போன்ற ஆட்களுக்கு ஆலோசனை கிடையாது. அவர்களுக்கு அது தேவையும் படாது.

1931 ஆகஸ்ட் 29-ம் தேதி காந்தி பம்பாயில் ‘ராஜபுதனா’ கப்பல் ஏறினார். கூட வந்தவர்கள் குளிருக்குப் பயந்து, யார் யாரோ கொடுத்ததையெல்லாம் வாங்கிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழை நாட்டுப் பிரதிநிதிக்கு இத்தனை பெட்டி எதற்கு என்று கணக்குக் கேட்டு, வேண்டாததையெல்லாம் ஏடன் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்கே திருப்பி அனுப்ப வைத்தார். பழைய கையேட்டுக்காரர் எங்கும் போய்விடவில்லை. நவம்பரில் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் அதே வேட்டி, சால்வை, செருப்பு. ஆலைத் தொழிலாளர்களைப் பார்க்க லங்காஷயருக்குப் போனபோதும் அதேதான். இந்தியாவில் கதர் வந்ததால் வேலை இழந்த நெசவாலை ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கையைத் தூக்கி உற்சாகமாகக் குரல் கொடுத்தார்கள். சின்னாளபட்டித் தறிக்காரர்கள் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் அந்த முகங்களைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கிங்ஸ்லி ஹாலில் இருந்த நாட்களில் விடியற்காலையில் எழுந்து, அந்த ஏழைத் தெருக்களில் நடக்கக் கிளம்பிவிடுவார். மாணவராக இருந்தபோது பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்த அதே வேகமான நடை. தெருப் பிள்ளைகள் அவரோடு பழகிவிட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு பையன் சத்தம் போட்டுக் கேட்டான்: ஏய் காந்தி, உன் டவுசர் எங்கே? அவர் வாய்விட்டுச் சிரித்தார்.